இதய நிழலுக்குள் மறைந்த கீழ் மடல்: மார்பு எக்ஸ்ரே குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் எக்ஸ்ரே படத்தில் இதயம் பெரிதாகத் தெரிந்ததால் 61 வயதுப் பெண்மணி ஒருவர் இதயச் செயலிழப்பு நோயாளியாகக் கருதப்பட்டு, நீர் பிரியும் மாத்திரைகளை உட்கொண்டு வந்தார். நிற்க வைத்து முறையாக எடுக்கப்பட்ட இரண்டாவது படத்தில் அவருடைய இதயத்தின் அளவு இயல்பாக இருந்தது. இடது நுரையீரலின் கீழ் மடல் முழுவதும் சுருங்கி இதய நிழலுக்குப் பின்னால் கிடந்தது. முதல் படத்திலும் அந்த மடல் சுருங்கித்தான் இருந்திருக்க வேண்டும். படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் படித்த பிறகே அதில் என்ன தெரிகிறது என்பதைப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நாம் சொல்வதன் பொருள் இந்த நிகழ்வில் முழுமையாக அடங்கியிருப்பதால் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

நோய் வரலாறும் உடற்பரிசோதனையும்

நோயாளி கிராமத்தில் விவசாயக் கூலி வேலை செய்பவர். புகைப்பழக்கம் இல்லை. வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் இளம் வயதிலிருந்தே உண்டு. இரத்த அழுத்தத்திற்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஐந்து வாரங்களாக வறட்டு இருமலும், பின்னர் மஞ்சள் நிறச் சளியும், மாலையில் காய்ச்சலும், மேடேறினால் இளைப்பும் இருந்தன. வேறோர் இடத்தில் படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுக்கப்பட்டு, இதயம் வீங்கியிருப்பதாகவும் நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் தேங்கியிருப்பதாகவும் சொல்லப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுடன் நீர் பிரியும் மாத்திரையும் தரப்பட்டது. காய்ச்சல் குறைந்து, மருந்து முடிந்த ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

எங்களிடம் வந்தபோது கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கவில்லை. கால்களில் வீக்கம் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுவதாகவும் அவர் சொல்லவில்லை. இரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். முதுகின் இடது கீழ்ப்பகுதியில் தட்டிப் பார்த்தபோது ஒலி மந்தமாக இருந்தது. அதே இடத்தில் மூச்சொலி வெகுவாகக் குறைந்திருந்தது. மூச்சுக்குழல் நடுக்கோட்டை விட்டு நகர்ந்ததாகத் தெரியவில்லை. இசிஜி இயல்பாக இருந்தது; எக்கோ பரிசோதனையிலும் இதய அறைகளின் அளவும் சுருங்கும் திறனும் இயல்பாகவே இருந்தன. சளியில் காசநோய்க்கான மரபணுப் பரிசோதனை எதிர்மறை. இதயச் செயலிழப்பு என்று சொல்வதற்கு நோயாளியின் உடலில் ஆதாரம் எதுவும் கிடைக்காத நிலையில், அவர் கொண்டு வந்திருந்த முதல் படத்தையே மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் படம்

அந்தப் படத்தில் ஏ.பி. (மார்பின் முன்புறத்திலிருந்து கதிரைச் செலுத்தி எடுப்பது) என்றோ படுக்கையில் எடுத்தது என்றோ குறிப்பு ஏதும் இல்லை. ஆனாலும் அது எடுக்கப்பட்ட விதத்தைப் படமே சொல்லிவிடுகிறது. இரு தோள்பட்டை எலும்புகளின் உள்விளிம்புகளும் நுரையீரல் பரப்பின் மீது விழுந்திருந்தன. நிற்கும் நிலையில் முதுகுப்புறத்திலிருந்து கதிரைச் செலுத்தும் பி.ஏ. படத்தில், தோள்களை முன்னோக்கி உருட்டியிருந்தால் அவை விலகிப் போயிருக்கும். இரைப்பைக் காற்றின் கீழே கிடைமட்டமான நீர்மட்டக் கோடு காணப்படவில்லை. ஆகவே நோயாளி நிமிர்ந்த நிலையில் இல்லை என்று கொள்ளலாம்.

மூச்சு எவ்வளவு இழுக்கப்பட்டது என்பதை விலா எலும்புகளை எண்ணி அறிகிறோம். வலது உதரவிதானத்திற்கு மேலே பின்புற விலா எலும்புகள் ஒன்பது அல்லது பத்து, முன்புற விலா எலும்புகள் ஆறு தெரிந்தால் மூச்சு போதுமான அளவு இழுக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படத்தில் பின்புற விலா எலும்புகள் ஏழுதான் தெரிந்தன. அரைகுறையாக இழுத்த மூச்சில் நுரையீரலின் அடிப்பகுதி இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நீர்க்கோவை போன்ற மங்கலைத் தோற்றுவிக்கும். படுக்கை நிலையில் மேல் மடல்களுக்குச் செல்லும் இரத்தமும் கூடுவதால் அங்குள்ள குழாய்கள் தடித்துத் தெரியும். நிற்கும் நோயாளியிடம் இதயச் செயலிழப்பின் முதல் அடையாளமாக நாம் தேடும் அதே தோற்றம், படுத்திருப்பவரிடம் இயல்பானது.

அடுத்தது உடல் திரும்பியிருப்பது. காறை எலும்புகளின் உள்முனைகள் மார்பின் முன்பக்கம் இருப்பவை. முள்ளெலும்புகளின் முட்புடைப்புகள் பின்பக்கம் இருப்பவை. உடல் நேராக இருந்தால் இரண்டு காறை முனைகளும் முட்புடைப்பிலிருந்து சம தூரத்தில் நிற்கும். இங்கே இடது காறை எலும்பின் முனை வலதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இருந்தது. அதாவது முன்பக்க உறுப்புகள் முதுகெலும்பை ஒப்பிட இடப்பக்கம் நகர்ந்து பதிவாகியுள்ளன. இதயமும் முன்பக்க உறுப்புதான் என்பதால் அதுவும் இடப்புறம் நீண்டு தெரிந்தது.

கடைசியாக, கதிரின் ஊடுருவல். இதய நிழலினூடே முதுகெலும்பின் உடல்கள் மங்கலாகவேனும் தெரிய வேண்டும். இடது உதரவிதானத்தின் கோடு இதயத்திற்குப் பின்னால் முதுகெலும்பு வரை தொடர வேண்டும். இந்தப் படத்தில் இதயம் ஒரே வெண்மையாக இருந்தது. அதற்குப் பின்னால் நுரையீரல் இருக்கிறதா, சுருங்கிய மடல் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. முன்னிருந்து பார்க்கும்போது நுரையீரல் கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கு இதயம், பெருங்குழாய்கள், உதரவிதானம் ஆகியவற்றின் நிழலுக்குள் மறைகிறது என்பதை நினைத்தால், ஊடுருவல் போதாத படத்தில் நாம் இழப்பது எவ்வளவு என்பது விளங்கும்.

இதயத்தின் அகலத்தை மார்பின் உள் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் பெரியவர்களுக்கு 0.5க்குள் இருக்க வேண்டும் என்பது பி.ஏ. படத்திற்கு மட்டுமே உரிய விதி. இந்த ஏ.பி. படத்தில் அது 0.58. இதில் உருப்பெருக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மார்பின் முன்பின் தடிமன் 24 செ.மீ. என்றும், 12 செ.மீ. அகலமுள்ள இதயத்தின் மையம் முன்புறத் தோலிலிருந்து 8 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கதிர்க்குழாய் 180 செ.மீ. தொலைவிலிருக்கும் பி.ஏ. படத்தில் இதயம் 180/172 மடங்கு பெருகி 12.6 செ.மீ. ஆகத் தெரியும். 100 செ.மீ. தொலைவிலிருந்து எடுக்கும் ஏ.பி. படத்தில் இதயம் பதிவுத்தகட்டிலிருந்து 16 செ.மீ. தள்ளிப் போய்விடுவதால் 100/84 மடங்கு பெருகி 14.3 செ.மீ. ஆகிவிடும். ஆனால் மார்புக்கூடும் கூடவே பெருகுகிறது. மார்புத் தடிமனின் நடுவில் இருக்கும் 27 செ.மீ. உள் அகலம் முறையே 28.9, 30.7 செ.மீ. ஆகிறது. எனவே விகிதம் 0.43இலிருந்து 0.47 வரைதான் உயரும். எஞ்சிய உயர்வுக்கு உருப்பெருக்கம் காரணமல்ல. மேலே ஏறிய உதரவிதானம் இதயத்தைக் குறுக்காகச் சாய்த்ததும், உடல் திரும்பியிருந்ததும் சேர்ந்தே அதைத் தந்தன. ‘ஏ.பி. படம், அதனால் பெரிதாகத் தெரிகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். நிற்க முடியாத நோயாளிக்கும்கூட நன்றாக உட்கார வைத்து, நேராக்கி, மூச்சை முழுவதும் இழுக்கச் செய்தால் பிழையின் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பதை அந்த வரி மறைத்துவிடுகிறது.

இரண்டாவது படம் எடுக்கப்பட்ட விதம்

மறுபடியும் எக்ஸ்ரே எதற்கு, கதிர்வீச்சு ஆகாதே என்று குடும்பத்தார் தயங்கினர். ஒரு பி.ஏ. மார்புப் படத்தின் கதிர் அளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட். இயற்கையில் ஓராண்டில் மனிதருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பதால், இது ஏறக்குறைய மூன்று நாட்களுக்கு உரிய அளவு. தவறான படத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மருந்து சாப்பிடுவதன் தீங்கு இதைவிடப் பெரிது என்று விளக்கியபின் ஒப்புக்கொண்டனர்.

எங்கள் ரேடியோகிராபர் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. முதலில் அம்மாவின் சடையைத் தூக்கி உச்சியில் முடியச் சொன்னார். தோளில் தொங்கும் ஈரச் சடை நுரையீரலின் உச்சியில் காசநோய்த் திட்டு போல விழுவதுண்டு. ரவிக்கைக்குப் பதிலாக மருத்துவமனை அங்கி. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகள் எடுக்கப்பட்டன. கொடியைக் கழற்ற அவர் மனம் ஒப்பாததால், அதை மேலே இழுத்து முகவாயருகே ஒதுக்கிவைக்கும்படி சொல்லப்பட்டது. தாங்கியில் மார்பை ஒட்டி நிறுத்தி, முகவாயை அதன் மேல்விளிம்பில் வைத்து, புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னே தள்ளச் செய்தார். தோள்பட்டை எலும்புகளை விலக்குவது இந்த ஒரு செயல்தான். கதிரின் மையம் தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை மட்டத்தில், அதாவது ஏழாவது மார்பு முள்ளெலும்பில். தொலைவு 180 செ.மீ.; குழாய் மின்னழுத்தம் 115 கிலோவோல்ட், சிதறல் தடுப்பு வலையுடன். அழுத்தம் கூடும்போது விலா எலும்புகளின் வெண்மை அடங்கி, இதயத்தின் பின்புறமும் தெரியத் தொடங்கும். படமெடுக்கும் நேரம் குறைவதால் இதயத் துடிப்பின் கலங்கலும் குறையும்.

‘அம்மா, நல்லா மூச்சை இழுங்க, விடுங்க. இன்னொரு தரம் இழுங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே பிடிங்க’ என்று இரண்டாவது மூச்சில்தான் பொத்தானை அழுத்தினார். முதல் மூச்சைவிட இரண்டாவது மூச்சு ஆழமாக இருப்பதும், எதிர்பார்த்து நிற்கும் நோயாளி அசையாமல் இருப்பதும் அனுபவத்தில் கண்டவை. இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் சில நொடிகள்தான்.

இரண்டாவது படத்தை வாசித்தல்

பின்புற விலா எலும்புகள் பத்து தெரிந்தன; காறை முனைகள் சமமாக நின்றன. இதய-மார்பு விகிதம் 0.48. இதயத்தின் இடது விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. அதற்கு உட்புறமாக, இதய நிழலுக்குள்ளேயே, நுரையீரல் வாயிலிலிருந்து (மூச்சுக்கிளையும் இரத்தக் குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) உதரவிதானம் வரை சரிந்து இறங்கும் இன்னொரு நேர்க்கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கும் முதுகெலும்புக்கும் இடையே முக்கோண வடிவில் வெண்மை. இடது உதரவிதானத்தின் உட்பகுதி அழிந்திருந்தது. இறங்கு பெருந்தமனியின் இடது விளிம்பும் கீழ்ப்பகுதியில் காணவில்லை.

இவ்வளவையும் ஒரே விதி விளக்குகிறது. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுக்கிடையேயான எல்லை எக்ஸ்ரேயில் தெரியாது. இடையில் காற்று இருந்தால்தான் விளிம்பு தெரியும். 1950இல் பெஞ்சமின் ஃபெல்சனும் ஹென்றி ஃபெல்சனும் விளக்கிய இந்த நிழல்விளிம்பு விதியைப் பயன்படுத்த, எந்த மடல் எந்த உறுப்பைத் தொடுகிறது என்ற உடற்கூறு மனத்தில் இருக்க வேண்டும். வலது நுரையீரலின் நடு மடல் இதயத்தின் வலது விளிம்பைத் தொடுகிறது. இடதில் நடு மடல் கிடையாது. மேல் மடலின் கீழ்நாக்குப் பகுதி அந்த இடத்தை எடுத்துக்கொண்டு இதயத்தின் இடது விளிம்பைத் தொடுகிறது. கீழ் மடல்கள் இரண்டும் பின்னாலிருந்து உதரவிதானத்தின் மேல் அமர்பவை. இடது கீழ் மடல் இறங்கு பெருந்தமனியையும் ஒட்டியிருக்கிறது. இங்கே இதய விளிம்பு தப்பியிருக்கிறது, எனவே மேல் மடலில் காற்று இருக்கிறது. உதரவிதானமும் இறங்கு பெருந்தமனியும் அழிந்திருக்கின்றன, எனவே காற்றிழந்தது கீழ் மடல்.

அது நிமோனியாவால் நிறைந்திருக்கிறதா, காற்று உறிஞ்சப்பட்டுச் சுருங்கியிருக்கிறதா என்பதற்கு இட அளவு பார்க்க வேண்டும். இயல்பில் இடது நுரையீரல் வாயில் வலதைவிட ஒன்று முதல் இரண்டு செ.மீ. உயரத்தில் இருக்கும், இடது நுரையீரல் தமனி இடது மூச்சுக்கிளைக்குழாயின் மேல் வளைந்து ஏறிச் செல்வதே காரணம். இவருக்கு இடது வாயில் வலதைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதுபோலவே இயல்பில் வலது உதரவிதானம்தான் உயர்ந்திருக்கும். இங்கே இடது உதரவிதானம் மேலேறி வலதோடு சமமாகியிருந்தது. இடது மேல் மடல் வழக்கத்தைவிடக் கறுத்து, அதன் இரத்தக் குழாய்கள் அகன்று விலகி, காலியான இடத்தை நிரப்ப விரிந்திருந்தது. ஆக, இது அடைப்பினால் ஏற்பட்ட மடல் சுருக்கம். மூச்சுக்குழல் நகராததில் வியப்பில்லை. மேல் மடல் சுருங்கும்போதுதான் அது பெரும்பாலும் இழுபடும்.

பக்கவாட்டுப் படமும் எடுக்கப்பட்டது. இன்று பல இடங்களில் கைவிடப்பட்டுவிட்ட இந்தப் படத்தில் முதுகெலும்பை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால் படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும். மேலே தோள்களின் தசை, கீழே காற்று நிறைந்த நுரையீரல். இவருடைய கீழ் முள்ளெலும்புகள் வெளுத்துப் போயிருந்தன. உதரவிதானக் கோடுகளில் வலது மட்டுமே முன்னிருந்து பின்வரை முழுமையாக ஓடியது. இயல்பில் இடதுகோட்டின் முன்பகுதியை இதயம் மறைக்கும், பின்பகுதி தெரியும்; இவருக்கு அந்தப் பின்பகுதியும் இல்லை.

டிஜிட்டல் கருவிகளைப் பற்றி ஒரு சொல். பழைய ஃபிலிமில் ஊடுருவல் குறைந்தால் படம் வெளுத்து எச்சரித்துவிடும். கணினி வெளிச்சத்தைத் தானே சரிசெய்வதால், குறைந்த கதிரில் எடுத்த படமும் இன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இதயத்தின் பின்னால் உற்றுப் பார்த்தால் மட்டுமே புள்ளிபுள்ளியாக இறைந்திருப்பது தெரியும். அந்தப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எஞ்சியதும் போய்விடும். இதயத்தின் பின்புறம் பற்றி அத்தகைய படத்தை வைத்துக் கருத்துச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடைப்பின் காரணம்

61 வயதில் ஒரு மடல் சுருங்கியிருந்தால் முதலில் விலக்க வேண்டியது புற்றுநோய். அதன்பின் மூச்சுக்குழாய்க் காசநோய், வெளியிலிருந்து அழுத்தும் நிணநீர்க் கணு, கெட்டிச் சளி, அயற்பொருள். சிடி ஸ்கேனில் இடது கீழ் மடலின் குழாய் ஒரு செ.மீ. நீளத்திற்கு அடைபட்டிருந்தது, நிணநீர்க் கணுக்கள் பெரிதாகவில்லை. அடைப்பது கட்டியா, வேறு பொருளா என்பதைச் சிடி தீர்மானமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு வரலாறு மறுபடியும் கேட்கப்பட்டது. சாப்பிடும்போது எப்போதாவது புரையேறியதா என்ற கேள்விக்கு இல்லை என்றவர், பாக்குப் போடும்போது என்று கேட்டதும் நினைவுகூர்ந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திண்ணையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது ஒரு நாள் கடுமையாகப் புரையேறியிருக்கிறது. மகள் தலையில் தட்டி, ‘யாரோ உன்னை நினைக்கிறாங்கம்மா’ என்று சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார். சிறிது நேரத்தில் இருமல் அடங்கியதால் அத்துடன் அதை மறந்துவிட்டனர். அயற்பொருள் ஓரிடத்தில் தங்கியதும் இருமல் அடங்கி, நாட்கள் கழித்துச் சளியும் காய்ச்சலுமாகத் தொடங்குவது இந்நோயின் இயல்பு. சளிக்காய்ச்சலுக்காக வரும் முதியவரிடம் புரையேறியதைப் பற்றித் தனியாகக் கேட்டாக வேண்டும், தானாகச் சொல்லமாட்டார்கள்.

உள்ளே போகும் பொருள் வலப்பக்கம் செல்வதே அதிகம். மூச்சுக்குழல் பிரியும் இடம் நான்காவது, ஐந்தாவது மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் உள்ளது. அங்கிருந்து வலது கிளை சுமார் 2.5 செ.மீ. நீளத்தில் அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குகிறது. இடது கிளை சுமார் 5 செ.மீ. நீண்டு, ஒடுங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சாய்ந்து செல்கிறது. நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் விஷயத்தில் இந்த அமைப்பு தீர்மானிக்கிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பவருக்குத் தாழ்வான பக்கம் இடதுதான். இவரிடம் அதுவே காரணமாக இருந்திருக்கலாம், நிரூபிக்க வழியில்லை.

பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) இடது கீழ் மடல் குழாயின் வாயைச் சிவந்த புதுச்சதை மூடியிருந்தது. பார்வைக்கு அது கட்டி போலவே தோன்றியது. அதை ஒதுக்கியபோது அடியில் பழுப்பு நிறத்தில் கடினமான ஒரு விளிம்பு தெரிந்தது. இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கப்பட்டது வெட்டுப்பாக்கின் ஒரு துண்டு. பின்னால் தேங்கியிருந்த சீழ்ச்சளி உறிஞ்சப்பட்டது. புதுச்சதையின் திசு ஆய்வில் புற்றுநோயோ காசநோயோ இல்லை. பாக்கு எலும்பைப் போல வெண்மையாகப் பதியும் பொருளல்ல என்பதால் எக்ஸ்ரேயில் அதைத் தேடியிருந்தாலும் கண்டிருக்க முடியாது. அதன் விளைவை மட்டுமே படம் காட்டும்.

தொடர் கவனிப்பு

நீர் பிரியும் மாத்திரை நிறுத்தப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லியும், சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியும் தொடர்ந்தன. ஆறு வாரங்களுக்குப் பின் எடுத்த படம் அதே தொலைவில், அதே மின்னழுத்தத்தில், நின்ற நிலையில் எடுக்கப்பட்டதால் முந்தையதோடு நேரடியாக ஒப்பிட முடிந்தது: இடது உதரவிதானக் கோடு முதுகெலும்பு வரை திரும்பியிருந்தது, இடது நுரையீரல் வாயில் தன் உயரத்திற்கு வந்திருந்தது. கீழ் மடலில் சில தழும்புக் கோடுகள் எஞ்சியிருந்தன. நாட்பட்ட அடைப்பு குழாய்களை நிரந்தரமாக அகலப்படுத்திவிடக்கூடும் என்பதால், சளி மீண்டும் மீண்டும் வந்தால் சிடி எடுக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதப்பட்டுள்ளது. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்தியிருப்பதால், அவருடைய வாயும் பரிசோதிக்கப்பட்டது. இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்திட்டு காணப்பட்டு, திசு ஆய்வுக்காகப் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளார்.